வெண்காரம் தின்ற முகம்

என்ன வேலை செய்கிறாய் என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டு, தேவாலய யன்னல் வேலை என்று நான் பதில் சொன்னால், உடனே இரண்டு கேள்விகள் வரும். முதலாவது: "அப்படியென்றால் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டாயா?" இரண்டாவது: "அதிலே சம்பளம் வருமா?" முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்கு, வரும், கணக்காளர்களாகப் போன என் மச்சாள்மாருக்கு வருகிற அளவு வராது. இங்கிலாந்தின் வடபகுதியில் முப்பது வருடமாகத் தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடி யன்னல்களோடு வாழ்கிறேன். புதிதாகச் செய்தவை கொஞ்சம், பழுது பார்த்தவை ஏராளம். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அண்மையில் விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அப்பா நகைத் தொழிலாளி. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையின் ஒரு மூலைதான் பட்டறை. உமிச்சட்டி, ஊதுகுழல், குறடுகள், உரைகல், ஒரு சிரட்டையில் நகையைப் பற்றவைக்கும்போது தடவும் வெண்காரம், இன்னொரு சிரட்டையில் புளித்தண்ணீர். பெண்பிள்ளைக்கு இந்தத் தொழிலைப் பழக்குவது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. ஆனால் அண்ணன்மார் இருவரும் பட்டறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காததால் குழல் ஊதும் வேலை எனக்கு வந்தது. பற்றாசு உருகி இணைப்புக்குள் ஓடும் நேரம் எப்படி இருக்கும் என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். மங்கிக் கிடந்தது சட்டென்று பாதரசம்போல மின்னும். மின்னியதும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு அதிகம் ஊதினால் நகையே உருகிவிடும், அப்பாவின் குட்டும் விழும்.

1991இல் லண்டனுக்கு வந்தேன். மூன்று வருடம் கழித்து, கணவருக்கு வேலை கிடைத்த வடக்கத்தைய சிறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே ஒரு கண்ணாடிப் பட்டறையின் கதவில் உதவியாள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தது. கண்ணாடி என்றால் வீட்டு யன்னலுக்குப் போடும் கண்ணாடி என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். அங்கே மேசையில் ஒரு தேவதூதர் நூற்றைம்பது துண்டுகளாகக் கிடந்தார். பட்டறைப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சூட்டுக்கோலைக் கையில் தந்து, இரண்டு ஈயப் பட்டிகளை ஒட்டிக் காட்டச் சொன்னார். ஒட்டினேன். "எங்கே படித்தாய்?" என்றார். "வீட்டில்" என்றேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். அவர்கள் வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதுவரைக்கும் "சேர்"தான். அவருக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை.

ஒட்டுவதற்கு முன் ஈயத்தில் தேய்ப்பது மிருகக் கொழுப்பில் வார்த்த மெழுகுக் குச்சி. வெள்ளிக்கிழமை விரதக்காரியான அம்மாவுக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் சொல்லவே இல்லை.

முதல் வருடம் முழுக்கக் கூலி வேலைதான். கலை செய்ய வந்தோம் என்று நினைப்பவர்கள் இந்த வருடத்தில்தான் ஓடிப்போவார்கள். ஈயப் பட்டி இரண்டு பக்கமும் பள்ளம் வைத்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கண்ணாடித் துண்டு நுழையும். பட்டியை ஒரு முனையில் கவ்வியில் மாட்டி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து இழுத்து நிமிர்த்துவது என் காலை வேலை. பெரிய வரைபடத்தின் மேல் துண்டுகளை வைத்து, குதிரை லாடத்து ஆணிகளால் தற்காலிகமாக நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போவார்கள். சந்திகளைப் பற்றவைத்தபின் சோக்குத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் குழைத்த புட்டியை ஈயத்தின் இடுக்குக்குள் தூரிகையால் திணித்துத் தேய்க்க வேண்டும். யன்னலுக்குள் மழை வராமல் தடுப்பது ஈயம் என்று பலர் நினைக்கிறார்கள். தடுப்பது இந்தப் புட்டிதான். அதைத் தேய்த்துத் தேய்த்தே என் வலது தோள் பழுதாகிவிட்டது. இடது கையாலும் தேய்க்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று புதியவர்களுக்கு முதல் நாளே சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை.

12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற துறவி இந்த வேலையைப் படிப்படியாக எழுதிவைத்திருக்கிறார். வெள்ளை பூசிய பலகையில் யன்னலை வரைய வேண்டும், காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளக்க வேண்டும், ஓரங்களைக் கொறித்து உருவுக்குக் கொண்டுவர வேண்டும், தீட்ட வேண்டும், சுட வேண்டும், ஈயத்தில் கோக்க வேண்டும். அவர் இன்று எங்கள் பட்டறைக்கு வந்தால் கீறுகிற உருக்குச் சக்கரத்தையும் மின் சூளையையும் பார்த்து ஆச்சரியப்படுவார். மற்றபடி மேலங்கியை மடித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிடுவார்.

கண்ணாடியை நாம் வெட்டுவதில்லை. ஒரு கீறல் போடுகிறோம், முறிவது அது. பட்டுச் சேலையைக் கிழிப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம் வந்தால் கீறல் சரி. சத்தம் வராத இடத்தில் மறுபடி கீறக் கூடாது. கீறலின் மேல் கீறல் போட்டால் சக்கரமும் கெடும், கண்ணாடியும் தான் நினைத்த வழியில் போகும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு பெட்டி நிறையச் சிவப்புக் கண்ணாடி செலவானது. சிவப்பு மலிவானதும் அல்ல.

யன்னலின் ஒவ்வொரு கண்ணாடிப் பகுதியையும் பலகை என்போம். நானே கோத்த முதல் பலகை ஒரு சென்டிமீட்டர் பெருத்துப் போனது. ஈயப் பட்டியின் நடுத் தண்டு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் தடிப்பு. இரண்டு துண்டுகளுக்கு இடையில் அந்த இடத்தை விட்டு வெட்ட வேண்டும். நான் வரைபடக் கோட்டின் வெளி ஓரத்தில் வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மில்லிமீட்டர்தான் பிழை, ஆனால் குறுக்கே பதினொரு துண்டுகள் இருந்தன. பலகை நுழைய வேண்டிய, யன்னல் கல்லில் கொத்திய பள்ளம் என் வசதிக்காக அகலாது. முழுவதையும் பிரித்து மறுபடி வெட்டினேன். பெரியவர் ஏசவில்லை. பிரிப்பது எப்படி என்று கற்பதற்கு அதுதான் நல்ல வழி என்று மட்டும் சொன்னார். பிற்காலத்தில் நான் கோத்ததைவிடப் பிரித்ததே அதிகம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஈயம் நஞ்சு. புது ஈயத்தைவிட மோசமானது பழைய ஈயத்தின் மேல் படிந்திருக்கும் வெண்பொடி; பிரிக்கும்போது பறப்பது அதுதான். பட்டறையில் தேநீர்க் கோப்பை வைக்காதீர்கள். வேலை உடுப்பு பட்டறையிலேயே இருக்கட்டும், வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். உணவைக் கையால் தொடுமுன் நகக்கண்வரை தேய்த்துக் கழுவுங்கள். சோறு பிசைந்து சாப்பிடும் நமக்கு இது இரட்டிப்பு முக்கியம். பிரித்தானியாவின் 2002ஆம் ஆண்டு ஈய விதிகளின்படி எங்கள் இரத்தத்தை ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும். நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 60 மைக்ரோகிராம் வந்தால் ஓர் ஆணை அந்த வேலையிலிருந்து விலக்குவார்கள். பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்ணுக்கு அந்த எல்லை 30. மகள் வயிற்றில் இருந்தபோது பெரியவர் என்னை ஈயத்தின் பக்கமே விடவில்லை. மாடியில் ஒரு அறையைத் துப்புரவாக்கி, அங்கே தனியாக உட்கார்ந்து யன்னல்களைப் படம்பிடித்துப் பதிவேடு எழுதச் சொன்னார். தண்டனைபோல இருந்தது. அந்த ஒன்பது மாதத்தில்தான் பழைய கண்ணாடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இனி மார்த்தாளின் கதை.

1996இல் ஒரு கிராமத் தேவாலயத்துக்குப் பெரியவரோடு போனேன். 1860களில் வைத்த யன்னல். மார்த்தாளும் மரியாளும் பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில். இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருப்பவள் தங்கை மரியாள். சமையல் வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு, இவளை எனக்கு உதவி செய்யச் சொல்லும் என்று முறையிடுபவள் அக்கா மார்த்தாள். மரியாளின் முகம் அப்படியே இருந்தது. மார்த்தாளுக்கு இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது, கையில் கரண்டி இருந்தது, முகம் இல்லை. கழுத்துக்கு மேலே வெறும் இளஞ்சிவப்புக் கண்ணாடி. யாரும் உடைக்கவில்லை, கல்லெறியும் இல்லை. கண்ணும் மூக்கும் வாயும் கரைந்து போயிருந்தன.

பெரியவர் ஒரு சொல்தான் சொன்னார். அந்த ஆங்கிலச் சொல் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், வெண்காரம்!

கண்ணாடியில் தீட்டும் கறுப்பு மை, கண்ணாடித் தூளும் இரும்பு அல்லது செம்பின் ஆக்சைடும் கலந்தது. 650 பாகை செல்சியஸை ஒட்டிச் சுட்டால் அது கண்ணாடியோடு உருகி ஒன்றாகிவிடும். நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தேவாலயம் கட்டும் அலை அடித்தது. யன்னலுக்கு அவ்வளவு கிராக்கி. குறைந்த சூட்டில் மை உருக வேண்டும் என்பதற்காக அதில் வெண்காரம் சேர்த்தார்கள். விறகு மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் வெண்காரம் கூடிய மை ஈரத்தைத் தாங்காது. குளிர்காலக் காலைகளில் தேவாலயத்துக்குள் நூறு பேர் மூச்சுவிட, அந்த மூச்சு யன்னலில் நீராகப் படிந்து வழியும். ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக மார்த்தாளின் முகம் கழுவுப்பட்டுப் போய்விட்டது. பக்கத்தில் மரியாள் தப்பியது ஏன் என்றால், வேறொரு நாள் குழைத்த மையாக இருக்கலாம், சூளையில் வெப்பம் கூடிய மூலையில் அவள் இருந்திருக்கலாம்.

இதை எல்லாம் அப்பாவுக்கு எழுதினேன். போர்க்காலம், பதில் வர மூன்று மாதம் எடுத்தது. நீல நிற வான்கடிதத்தில் நலம் விசாரித்துவிட்டுக் கீழே எழுதியிருந்தார்: "ஒட்டி முடிந்ததும் நாங்கள் வெண்காரத்தைப் புளித்தண்ணீரில் போட்டுக் கழுவி எடுத்துவிடுவோமே. உங்கள் ஆட்கள் அதை உள்ளேயே விட்டுவிட்டார்களா?" பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அந்த வரியை எழுதித் தரச் சொல்லி மேசைக்கு மேலே ஒட்டி வைத்தார். அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அது அங்கேயே இருந்தது.

முகத்தை மறுபடி தீட்டித் தரும்படி தேவாலயக் குழு கேட்டது. பெரியவர் மறுத்துவிட்டார். அந்தப் பழைய கண்ணாடியின் மேலேயே தீட்டிச் சூளையில் வைத்தால் வெடித்துப் போகலாம். வெடிக்காவிட்டாலும் மிச்சமிருக்கும் தடயம் புது மைக்கு அடியில் நிரந்தரமாகப் புதைந்துவிடும். "வேறு வழி தெரியும்வரை இப்படியே இருக்கட்டும்" என்றார். குழுவினர் அதிருப்தியோடு எங்களை வழியனுப்பினார்கள். எனக்கும் அன்று கோபம்தான். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்கிற முதலாளியை யாருக்குப் பிடிக்கும்?

அவர் ஓய்வு பெற்றபின் 2009இல் சொந்தப் பட்டறை தொடங்கினேன். கடன், வாடகை, சூளை, காப்புறுதி எல்லாம் எந்தச் சிறு தொழிலுக்கும் உள்ளவைதான். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: கீழே நின்று அண்ணாந்து பார்த்து விலை சொல்லாதீர்கள். ஏணி வைத்துத் தொட்டுப் பாருங்கள். இயலுமானால் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்த பிறகு சொல்லுங்கள். கீழிருந்து பார்க்க அழகாக நிற்கும் யன்னல், கை வைத்தால் பழைய பாயைப்போல அசையும். ஈயம் ஏறக்குறைய நூறு வருடம் தாங்கும். பிறகு களைத்து வெடிக்கும். முதல் இரண்டு வருடம் நான் சொன்ன விலைகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பழைய யன்னலில் காலம் செய்த கேட்டை என்னால் மன்னிக்க முடிகிறது. முன்பு பழுது பார்த்தவர்கள் செய்த கேடுதான் கோபத்தைக் கிளப்புகிறது. விரிசலில் ஊற்றிய எபொக்சி பசை தேன் நிறமாகி, ஒரு புனிதரின் கன்னத்தில் தழும்புபோல நிற்கும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கோனை ஈயத்தின் மேல் அப்பியிருப்பார்கள். அதை உரித்தால் ஈயமும் சேர்ந்து வரும். கல்லெறிக்குப் பயந்து வெளியே காற்றுப் போகாமல் பிளாஸ்டிக் தகடு அறைந்திருப்பார்கள். தகடு மஞ்சளாகும், உள்ளே வெக்கை அடைபடும், இரவில் நீர் படியும், ஈயம் வயிறு தள்ளும். பாதுகாக்கத்தான் செய்தார்கள் என்பது தெரியும். அதனால்தான் இப்போது ஒரு துண்டை ஒட்டும்போதும் எனக்கு வருகிற முதல் யோசனை, எண்பது வருடம் கழித்து இதைப் பிரிக்கப் போகிறவள் என்னை என்ன சொல்லித் திட்டுவாள் என்பதுதான். பிரிக்க முடியாத எதையும் செய்யாமல் இருக்கப் பார்க்கிறேன். செய்ததை எழுதி, படம் எடுத்து, ஒரு பிரதியைத் தேவாலயத்திலும் ஒன்றைப் பட்டறையிலும் வைக்கிறேன்.

யோர்க் நகரத்துப் பேராலயத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். கிழக்குப் பெரிய யன்னலை 1405இல் ஜோன் தோர்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் ஒப்பந்தத்துக்கு எடுத்தார். வாரம் 4 ஷில்லிங், வருட முடிவில் 5 பவுண், மூன்று வருடத்தில் முடித்துக் கொடுத்தால் இன்னும் 10 பவுண். முடித்துக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் 56 பவுண் வருகிறது. அதே யன்னலைக் கழற்றிப் பழுது பார்த்து மீண்டும் ஏற்ற நம் காலத்தில் 2008 முதல் 2018 வரை பத்து வருடம் ஆனது. செய்வதற்கு மூன்று, திருத்துவதற்குப் பத்து. எங்கள் தொழிலின் கணக்கு இதுதான் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வேன். சிரிப்பார்கள், பிறகு மதிப்பீட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். இப்போது பழைய கண்ணாடி கல்லின் பள்ளத்தில் இல்லை. அங்கே புதுக் கண்ணாடி மழையை வாங்கிக்கொள்கிறது. பழையது சற்று உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் உள்காற்றுப் பட நிற்கிறது. மார்த்தாளுக்கு அப்படி ஒரு வசதி 1860களிலேயே இருந்திருந்தால் அவள் முகம் ஒருவேளை தப்பியிருக்கும்.

அதே பேராலயத்தின் தெற்குப் பக்கத்து ரோஜா யன்னல் 1984 யூலை 9ஆம் தேதி தீயில் வெந்தது. கண்ணாடி எண்ண முடியாத இடங்களில் வெடித்தது, ஆனால் கீழே கொட்டவில்லை. அதற்குச் சில காலம் முன்புதான் ஈயத்தை மாற்றியிருந்தார்கள். புது ஈயம் உடைந்த துண்டுகளை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த ஈயத்தை மாற்றியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புட்டி தேய்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வரும்.

புது யன்னல் செய்வது வேறு உலகம். ஓவியர் வரைவார், பட்டறை செய்யும். பெயர் ஓவியருக்குப் போகும். கென்ட் மாவட்டத்து ட்யூட்லி கிராமத் தேவாலயத்தில் பன்னிரண்டு யன்னல்களும் ஓவியர் மார்க் சகால் வடிவமைத்தவை. படகு விபத்தில் மூழ்கி இறந்த ஒரு பெண்ணின் நினைவாக முதல் யன்னலை 1967இல் வைத்தார்கள். கடைசியானவை 1985இல் முடிந்தன. சகாலோடு சேர்ந்து அவற்றைக் கண்ணாடியில் கொண்டுவந்தவர் பிரான்சின் ரீம்ஸ் நகரத்து ஷார்ல் மார்க். அவர் பெயரைச் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். நீலத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். எட்ட நின்று பார்த்தால் நீலம் தன் எல்லையைத் தாண்டிப் பரவும், சிவப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளும். காகிதத்தில் சமமாகத் தெரிந்த இரண்டு நிறமும் யன்னலில் ஏறியதும் சண்டை பிடிக்கும்.

நானே வடிவமைத்த முதல் யன்னலில் இதைவிட மோசமான பிழை விட்டேன். கிழக்குப் பக்கம், கீழ்ப்பகுதியில் இளம்புல் நிறக் கண்ணாடி. பட்டறையில் அவ்வளவு அழகு. ஏற்றி முடித்த முதல் ஞாயிறு, ஆராதனை நேரத்தில் சூரியன் சரியாக அந்தப் புல்லுக்குள்ளால் வந்து பிரசங்க மேடையில் விழுந்தது. குருவானவர் பச்சை முகத்தோடு நித்திய வாழ்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் செலவில் மூன்று துண்டுகளை மாற்றினேன். இப்போது வடிவத்தைத் தொடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தத் தேவாலயத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். எத்தனை மணிக்கு ஒளி எங்கே விழுகிறது, வெளியே எந்த மரம் மறைக்கிறது, இலை உதிர்ந்தால் என்ன ஆகும் என்று குறித்துக்கொள்வேன். அந்தத் தேவாலயங்களில் ஒன்றிரண்டு பேர் என்னைத் தங்கள் சபையில் சேர வந்தவள் என்று நினைத்துக் கேக் தந்திருக்கிறார்கள்.

கண்ணாடி வாங்குவதும் ஆண்டுக்கு ஆண்டு சிக்கலாகிறது. நல்ல யன்னலுக்கு வாயால் ஊதிச் செய்த தட்டைக் கண்ணாடி வேண்டும். அதன் குமிழியும் கோடும் தடிப்பு வேறுபாடும்தான் ஒளியை உயிரோடு வைத்திருக்கும். அந்தத் தொழில் பிரித்தானியாவில் அழிந்துவிட்டதாக 2023இல் அறிவித்தார்கள். இப்போது ஜெர்மனியின் வால்ட்சாசன் ஊரிலிருந்து வரவழைக்கிறேன். ஒரு பெட்டிக் கண்ணாடிக்கு ஒரு கட்டுச் சுங்கப் படிவம்.

சர்ச் ஒவ் இங்லண்டுத் தேவாலயம் என்றால் இன்னொன்று: யன்னலில் கை வைக்குமுன் மறைமாவட்ட அனுமதி வேண்டும். அந்த அனுமதி வரும் நேரத்தில் யன்னலையே செய்து முடித்துவிடலாம். வௌவால் குடியிருந்தால் அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. குட்டி போடும் காலத்தில் வேலையை நிறுத்த வேண்டும். ஒரு கோடை முழுக்க நான் வௌவால்களுக்காகக் காத்திருந்தேன். அவற்றின் மூத்திரம் கண்ணாடியை அரித்துக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்தபடி.

2015இல் மார்த்தாளின் தேவாலயத்திலிருந்து தொலைபேசி வந்தது. போய்ச் சாரத்தில் ஏறிப் பார்த்தால் மார்த்தாளுக்கு முகம் இருந்தது! சிவந்த உதடு, வளைந்த புருவம், பழைய சோப்பு விளம்பரத்துப் பெண்ணைப்போல. இடைப்பட்ட காலத்தில் யாரோ வந்து, சூளையில் சுடாமல், சாதாரண எண்ணெய் வண்ணத்தால் தீட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது இப்போது செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. ஒரு கண் ஏற்கெனவே விழுந்துவிட்டது. விழுந்த செதிலின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 1860களின் மையில் மிஞ்சியிருந்த சில துணுக்குகளும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் மறுத்த வேலையை இன்னொருவர் தயங்காமல் ஏற்றதன் விலை அது.

பலகையைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். உரிந்த வண்ணத்தை நீக்க நான்கு வாரம். பஞ்சு சுற்றிய குச்சி, நுண்ணோக்கி, பொறுமை. பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது கண்ணாடியின் மேற்பரப்பில் மெல்லிய நிழல்கள் தெரிந்தன. மை போய்விட்டாலும் அது இருந்த இடம் மற்ற இடத்தைப்போல மங்கவில்லை. கண்ணிமையின் கோடு, மூக்கின் ஒரு பக்கம், வாயின் வளைவு. விறாந்தையில் அப்பா தேய்ந்த பதக்கத்தை வெயிலில் சாய்த்து எழுத்து வாசிப்பது நினைவுக்கு வந்தது.

அந்த நிழல்களைப் பிரதி எடுத்து, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள தனிக் கண்ணாடியில் முகத்தைத் தீட்டிச் சுட்டேன். அதைப் பழைய கண்ணாடிக்குப் பின்னால் வைத்து இரண்டையும் ஒரே ஈயத்துக்குள் பிடித்தேன். பழையதின் மேல் ஒரு துளி மைகூடப் படவில்லை. பிடிக்காதவர்கள் நாளைக்கே பின்தகட்டை எடுத்துவிடலாம். தகட்டின் ஓரத்தில், ஈயத்துக்குள் மறையும் இடத்தில், ஆண்டையும் இது பிற்காலத்துத் தகடு என்பதையும் கீறிவைத்தேன். தேவாலயக் குழுவில் இருவருக்கு அது போதவில்லை. கோடுகள் மெல்லியதாக இருக்கின்றன, பக்கத்து மரியாளைப்போல அழுத்தமாக இல்லை என்றார்கள். தடயம் சொன்ன அளவுக்குத்தான் என்னால் போக முடியும், மிச்சம் என் கற்பனை என்றேன். ஒரு கூட்டம் முழுக்க வாதம் நடந்தது.

யன்னலை ஏற்றிய அன்று, அறுபது வருடமாக அந்த யன்னலுக்கு நேர் கீழே உட்காரும் ஒரு மூதாட்டி வந்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"முகத்தில் கோபம் இருக்கிறதே" என்றார்.

"விருந்துக்கு ஆட்களை அழைத்துவிட்டுத் தனியாகச் சமைக்க விட்டால் வேறு எப்படி இருப்பாள்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, தன் வீட்டிலும் இப்படி ஒரு தங்கை இருந்தாள் என்று கதை சொல்லத் தொடங்கினார். தேநீர் வந்தது. குழுவினரின் வாதம் அதோடு அடங்கிப்போனது.

ஆறு மாதம் கழித்து அதே தேவாலயத்திலிருந்து மறுபடி தொலைபேசி. மழை பெய்தால் மார்த்தாளின் காலடியில் தண்ணீர் வடிகிறது, உங்கள் புட்டி சரியில்லை போலிருக்கிறது என்றது குரல். இரவு நித்திரை இல்லை. விடியற்காலையில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனேன். யன்னலின் ஒவ்வொரு சந்தியையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. பிறகு ஏணியை இன்னும் மேலே நகர்த்திக் கூரை விளிம்புக்குப் போனேன். பீலி நிறையக் காக்கைக் கூட்டுச் சுள்ளி, ஆட்டு மயிர், யாரோ தொலைத்த ஒரு கையுறை. மழைத்தண்ணீர் பீலியில் ஓட வழியின்றிச் சுவருக்குள் இறங்கி, யன்னல் கட்டையின் மேல் வந்து வடிந்திருக்கிறது. யன்னல் ஒழுகுகிறது என்று வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் எனக்கு இப்படித்தான் முடிந்திருக்கின்றன. மிச்சத்தில் பெரும்பங்கு ஒழுக்கே அல்ல, உட்புறம் படியும் மூச்சுநீர்.

சுள்ளியை வாளியில் அள்ளி இறக்கினேன். ஏணி கொண்டுவந்த செலவுக்கு மட்டும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். கையுறையை அவர்கள் வாசலில் உள்ள தொலைந்த பொருள் பெட்டியில் போட்டார்கள்.